கடைசியாகக் கை வைத்தது யார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை இரவு. இஷாத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம். கடைச் சாமான் வானை ஓட்டும் தம்பியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. கேகாலைப் பக்கம் சாமான் இறக்கிவிட்டுக் கொழும்பு திரும்பும் வழியில், வரக்காப்பொலைக்குக் கிட்ட வீதியோரத்தில் நிற்கிறாராம்.

"முதலாளி, அந்த சிவப்பு லைட் திரும்பவும் பத்துது. பற்றரிப் பக்கமிருந்து கூழ்முட்டை நாத்தம் வருது. ஹெட் லைட் ஒண்டும் போயிட்டு. ஓட்டவா, நிப்பாட்டவா?"

"திரும்பவும்" என்ற அந்த ஒரு சொல்தான் எனக்குச் சுட்டது. ஏனென்றால் அந்த லைட்டை அணைக்க நாங்கள் ஏற்கனவே இரண்டு முறை பணம் கொட்டியிருந்தோம். முதல் தடவை "பற்றரி வீக்" என்றார்கள். புதுப் பற்றரி போட்டோம். நான்கு நாள் ஓடியது, லைட் மீண்டும் வந்தது. அடுத்த தடவை "ஒல்டனேட்டர் போயிட்டு" என்றார்கள். ரீகண்டிஷன் ஒல்டனேட்டர் ஒன்று வாங்கி மாட்டினோம். இரண்டுக்கும் சேர்த்து எழுபதாயிரம் ரூபாவுக்கு மேல் போனது. பழைய பற்றரியையும் பழைய ஒல்டனேட்டரையும் கழிவு விலைக்குக் கொடுத்தும் விட்டோம். அதற்குப் பிறகும் அதே லைட்!

"நிப்பாட்டுங்க, எஞ்சினை ஓஃப் பண்ணுங்க, பற்றரிக்குக் கிட்டப் போய் சிகரட் பத்த வைக்க வேணாம்" என்று சொன்னேன். மறுநாள் வானை வேறொரு வாகனத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, மாளிகாகந்தைப் பக்கம் இருக்கும் வயதான வயரிங் பாஸ் ஒருவரிடம் விட்டோம். அவர் பொனட்டைத் திறக்கவில்லை. மீட்டரைக் கையில் எடுக்கவும் இல்லை. முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த லைட் வருவதற்கு முன்னால், கடைசியாக இந்த வாகனத்தில் கை வைத்தது யார்? என்ன செய்தார்கள்?"

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். வியாபாரப் பக்கத்தில் வயரிங் கதை எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்மில் பெரும்பாலானோருக்குக் கடைக்கு அடுத்த முதலீடு வாகனம்தான். அது ஒரு நாள் நின்றால் அன்றைய வியாபாரம் நிற்கிறது.

நடந்தது என்ன?

என் இரண்டாவது மகனுக்கு இருபத்திரண்டு வயது. கைத்திறமை உள்ளவன். கணினியில் படம் பார்த்துப் பார்த்து, ஒரு போயா விடுமுறையில் வானுக்கு ஸ்கிரீன் வைத்த செட் ஒன்றும் ரிவர்ஸ் கெமராவும் தானே பொருத்தியிருந்தான். நன்றாகத்தான் இருந்தது. நானும் மெச்சினேன்.

லைட் முதன்முதலில் எரிந்தது அதற்கு ஐந்தாறு நாள் கழித்து. அன்று நான் அவனிடம் கேட்டது உண்மைதான். ஆனால் கேட்ட விதம் இப்படி: "வண்டிக்கு என்னத்த செஞ்சு வச்சிருக்கிற?" கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவன் சொன்னான்: "நான் ஒண்டும் செய்யல்ல வாப்பா."

பாஸ் அதையே அமைதியாகக் கேட்டபோது, அவன் பக்கத்தில் குனிந்து இடத்தைக் காட்டினான். செட்டுக்கு எந்நேரமும் கரண்ட் வரும் வயர் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. பற்றரிக்குக் கிட்ட பியூஸ் பெட்டிப் பக்கம் டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறான். மெல்லிய வயர் ஒன்றில் எந்நேரமும் கரண்ட் இருந்தது. கடைகளில் விற்கும் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றைப் போட்டு அதிலிருந்து கிளை எடுத்திருக்கிறான்.

அந்த மெல்லிய வயர் சும்மா ஒரு வயர் அல்ல. எங்கள் வானின் ஒல்டனேட்டருக்கு, பற்றரியில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று அறிவிக்கும் வயர் அது. அதைப் பார்த்துத்தான் ஒல்டனேட்டர் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. அந்த வயரில் செட்டின் பாரத்தை ஏற்றியதும், ஒல்டனேட்டருக்குப் போகும் செய்தி பிழையாகிவிட்டது. பற்றரி நிரம்பியிருக்கிறது, ஆனால் "குறைவு, குறைவு" என்று தகவல் போகிறது. அது மேலும் மேலும் சார்ஜ் ஏற்றுகிறது. கடித்த கிளிப் வயரின் உள் இழைகளில் பாதியை வெட்டியும் விட்டிருந்தது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் அந்த வயர் முற்றாகத் தொடர்பு அறும். அப்போது லைட் எரியும்.

பாஸ் மீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கிளிப்புக்கு அப்பால் ஒல்டனேட்டருக்குப் போகும் பக்கம் வைத்தார். அங்கே 14 கூட இல்லை. அந்த வித்தியாசம்தான் எங்கள் எழுபதாயிரம். பற்றரி கொதித்து நாறியதும், ஹெட் லைட் பல்ப் எரிந்துபோனதும் அதனால்தான். புது ஒல்டனேட்டர் என்ன, தங்கத்தில் செய்த ஒல்டனேட்டர் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்!

கிளிப்பைக் கழற்றி, வயரை ஒட்டி, செட்டுக்குப் பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்து, அதற்குத் தனி பியூஸ் வைத்தார். ஒன்றரை மணித்தியால வேலை. கூலியும் சாமானும் மூவாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது.

லைட் சொல்வது ஒன்று, நாம் கேட்பது வேறு

எச்சரிக்கை லைட் எரிந்தால் நம்மில் பலர் அதன் படத்தைப் பார்த்துப் பொருள் வாங்கப் போகிறோம். பற்றரிப் படம் என்றால் பற்றரி. எஞ்சின் படம் என்றால் எஞ்சினில் ஏதோ ஒன்று. அது பிழையான வாசிப்பு. பற்றரிப் படத்தின் பொருள் "சார்ஜ் ஆகும் ஒழுங்கில் பிழை" என்பதுதான். பெல்ட் தளர்ந்தாலும், வயர் அறுந்தாலும், பியூஸ் போனாலும், கூடுதலாகச் சார்ஜ் ஏறினாலும் அதே படம்தான்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் பார். பச்சையும் நீலமும் தகவல் மட்டும். திறப்பைத் திருப்பியதும் இந்த எச்சரிக்கை லைட்டுகள் சிறிது நேரம் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அது வாகனம் தன் லைட்டுகளைத் தானே பரிசோதிக்கும் முறை. அப்போது எரியவே எரியாத லைட் இருந்தால், அதுதான் மிகப் பெரிய எச்சரிக்கை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நாம் ஏன் எல்லோரும் பாஸ் ஆனோம்?

பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 வந்தது. ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, அந்த ஆண்டு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் 350ஐத் தாண்டியது. எண்ணெய்க்கு வரிசை, பிறகு கியூஆர் அட்டை. புது வாகனம் கனவாகிவிட்டது. உள்ள வாகனத்தையே மெருகூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் நாடு முழுக்க வந்தது. பழைய வானுக்குப் புது செட், கெமரா, எல்.ஈ.டி. பல்ப், இரட்டை ஹோர்ன், திருட்டுத் தடுப்பு அலாரம்.

இதற்கெல்லாம் சாமான் எங்கே கிடைக்கிறது? நம் வீட்டு வாசலில்தான். மருதானையிலிருந்து நடந்தே போகக்கூடிய பஞ்சிகாவத்தையில் இல்லாத உதிரிப்பாகம் இலங்கையில் எங்கும் இல்லை என்று சொல்வார்கள். சாமான் மலிவு, படம் பார்த்துச் செய்யலாம், கூலி மிச்சம். மிச்சம் பிடிப்பது பிழை அல்ல. சொந்தக் கையால் செய்வதும் பிழை அல்ல. செய்ததை மறப்பதும் மறைப்பதும்தான் பிழை.

பொருத்துவதில் வேறு தொல்லையும் உண்டு. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றச் சொன்னது நினைவிருக்கும். பொருத்தியபோது வெட்டிய வயர், கழற்றிய பிறகும் வெட்டியபடிதான் இருக்கிறது. எத்தனை பேர் அதை ஒழுங்காக மூடினார்கள்?

கணக்குத் தெரிந்த நாம் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்

நாம் வியாபாரிகள். கூட்டல் பெருக்கல் நமக்குத் தெரியும். வயரும் கூட்டல் பெருக்கல்தான்.

சாதாரண ஹெட் லைட் பல்ப் ஒன்று 55 வோட்ஸ். இரண்டும் 110. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 9 அம்பியர். கம்பனி அதற்கேற்ற வயரும் பியூஸும் வைத்திருக்கிறது. நாம் வெளிச்சம் போதாது என்று 100 வோட்ஸ் பல்ப் இரண்டு போடுகிறோம். இப்போது 17 அம்பியருக்குக் கிட்ட. பியூஸ் போகிறது. 15 அம்பியர் நீல பியூஸைக் கழற்றி 30 அம்பியர் பச்சை பியூஸ் போடுகிறோம். அதுவும் இல்லாவிட்டால் சிகரட் பெட்டியின் ஈயத்தாள்! பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயர். வயர் ஓடுவது டேஷ் போர்டுக்கு உள்ளே, விரிப்புக்கு அடியில். புகை தெரியும்போது காலம் கடந்துவிடும்.

எல்.ஈ.டி. பல்ப் போட்டால் கதை தலைகீழ். அது எடுக்கும் கரண்ட் மிகக் குறைவு. சில கார்களின் கணினி "பல்ப் எரிந்துபோய்விட்டது" என்று நினைத்து எச்சரிக்கை காட்டும். சிக்னல் வேகமாக வெட்டும். எதுவும் பழுதாகவில்லை. பல்பை மாற்றியது நாம், லைட் அதைத்தான் சொல்கிறது.

பற்றரியைக் கழற்றி மாட்டியதும் சில கார்களில் ஸ்டியரிங் லைட் எரியும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சற்றுத் தூரம் நேராக ஓடினால் பல சமயம் தானாக அணைந்துவிடும். இதை அறியாமல் ஸ்டியரிங் மோட்டர் விலை விசாரிக்கப் போனவர்களும் உண்டு.

ஒழுங்கு முறை

பாஸ் செய்ததைப் பார்த்தும் அவரிடம் கேட்டும் நான் எழுதி வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. மெக்கானிக் அல்லாத நமக்கும் இது விளங்கும்.

ஒன்று. கேள். லைட் எப்போது முதலில் எரிந்தது? அதற்கு முன் இரண்டு வாரத்துக்குள் யார் என்ன செய்தார்கள்? செட், கெமரா, பல்ப், பற்றரி, சேர்விஸ், கழுவுதல் எல்லாம் கணக்கு. எப்போது எரிகிறது? மழையிலா, பள்ளத்திலா, சிக்னல் போடும்போதா?

இரண்டு. புதிதாகப் போட்டதை நிறுத்திப் பார். செட்டின் பியூஸைக் கழற்று. எல்.ஈ.டி. பல்பை எடுத்துப் பழைய பல்பைப் போடு. லைட் அணைந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்று. கண்ணால் பார். பற்றரி முனைகள் இறுக்கமா? பச்சை பூத்திருக்கிறதா? எர்த் வயரின் போல்ட் துருவிலும் பெயின்ட் மேலும் நிற்கிறதா, சுத்தமான இரும்பில் நிற்கிறதா? கழற்றிய பிளக் எல்லாம் 'டிக்' என்று சத்தம் வரும்வரை மாட்டப்பட்டதா? நம் கையால் செய்த வேலைகளில் எர்த் சரியில்லாததும் பிளக் சரியாக மாட்டப்படாததும் அடிக்கடி வரும் குற்றங்கள்.

நான்கு. அள. சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். எஞ்சின் ஓஃப் ஆகி சில மணித்தியாலம் ஆன பிறகு பற்றரியில் 12.6 வோல்ட் அளவு இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். 13க்குக் கீழ் நின்றால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால் ஆபத்து. புதிய சில கார்களில் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அங்கே ஒரு முறை பார்த்த இலக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எர்த்தைச் சோதிக்க, எஞ்சின் ஓட, லைட் எல்லாம் போட்டு, பற்றரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஐந்து. ஸ்கேனர் போட்டால் கோட் இலக்கத்தை எழுதிக்கொள். அழிப்பதற்கு முன்னும் எழுது, பற்றரியைக் கழற்றுவதற்கு முன்னும் எழுது. பற்றரியைக் கழற்றினால் பல வாகனங்களில் கோட் அழிந்துபோகும். அத்துடன் சாட்சியும் போய்விடும்.

ஆறு. இவ்வளவுக்கும் பிறகுதான் பொருள் வாங்கு.

ஸ்கேனரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மொடல் கார்களிலிருந்து, ஐரோப்பாவில் 2001இலிருந்து பெட்ரோல் கார்களுக்கு, கோட் வாசிக்கும் பொதுவான ஒழுங்கு கட்டாயமானது. இப்போது உள்ளங்கை அளவு கருவியை மாட்டித் தொலைபேசியிலேயே வாசிக்கலாம். நல்ல விடயம்தான். ஆனால் கோட் சொல்வது எந்தச் சுற்றில் பிழை என்று மட்டும்தான். எந்தப் பொருளை மாற்று என்று அது சொல்வதில்லை. 'பி 0562' என்றால் வோல்ட் குறைவு என்றுதான் பொருள். பற்றரி வாங்கு என்று பொருள் அல்ல. ஒல்டனேட்டர் வாங்கு என்றும் பொருள் அல்ல. இரண்டு ரூபா போல்ட் தளர்ந்திருந்தாலும் அதே கோட் வரலாம்.

சில கராஜ்களில் இன்னும் ஒரு பழைய பழக்கம் உண்டு. ஒல்டனேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றுவார்கள். அந்தக் காலத்து வாகனத்துக்கு அது சரிப்பட்டது. இன்றைய வாகனத்தில் அந்த நொடியில் எழும் வோல்ட் உயர்வு கணினியையே எரித்துவிடலாம். யாரும் அப்படிச் செய்ய வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

கை வைக்கக்கூடாத இரண்டு நிறங்கள்

மஞ்சள் உறை போட்ட வயரும் மஞ்சள் பிளக்கும் பெரும்பாலும் எயார் பேக்குக்குப் போவது. செட் பொருத்த டேஷ் போர்டைக் கழற்றும்போது அது கைக்குப் படும். அதில் டெஸ்டர் லைட்டை வைத்துப் பார்க்கக் கூடாது. பை விரிந்துவிடலாம். அதற்குக் கிட்ட வேலை செய்வதென்றால் பற்றரியைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில கம்பனிகள் 90 விநாடி என்கின்றன, சில மூன்று நிமிடம் என்கின்றன.

செம்மஞ்சள் நிறக் கேபிள் ஹைபிரிட் வாகனத்தின் உயர் வோல்ட். டொயோட்டா ப்ரியஸ் பலவற்றின் பெரிய பற்றரி 201.6 வோல்ட், பழைய அக்குவாவில் 144 வோல்ட். ஆளைக் கொல்லப் போதும். அங்கே சொந்தக் கைத்திறமை வேண்டாம். அதேநேரம் ஹைபிரிட் வாகனத்தில் எச்சரிக்கை லைட் எரிந்ததும் இலட்சக்கணக்கில் பெரிய பற்றரி வாங்க ஓடவும் வேண்டாம். பின்பக்கம் இருக்கும் 12 வோல்ட் சின்னப் பற்றரி பலவீனமானாலும் பலவிதமான எச்சரிக்கைகள் வரும். முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள்.

லைட்டை அணைக்கும் வியாபாரம்

இப்போது முன்னால் சொல்லாமல் விட்ட விடயத்துக்கு வருகிறேன். திறப்பைத் திருப்பும்போது எரியாத லைட்.

வாகனத்தை விற்பதற்கு முன் எச்சரிக்கை லைட்டின் பல்பைக் கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள், எஞ்சின் ஓடியதும் தானாக அணைவது போல, அதை வேறொரு லைட்டின் வயருடன் சேர்த்துவிடுகிறார்கள். வாங்குபவர் டேஷ் போர்ட் சுத்தமாக இருப்பதைப் பார்த்து நம்புகிறார். எயார் பேக் வேலை செய்யாத வாகனத்தில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகிறார்.

பழைய வகை ஒல்டனேட்டர்கள் சிலவற்றில் பற்றரி லைட்டின் பல்ப் ஊடாகப் போகும் சிறிய கரண்ட்தான் ஒல்டனேட்டரை எழுப்பிவிடுகிறது. அந்த பல்பைக் கழற்றினால் ஒல்டனேட்டர் சார்ஜ் செய்யாமலே நின்றுவிடலாம். குற்றத்தை மறைக்கச் செய்த வேலை புதிய குற்றமாகிவிடுகிறது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்ட நபிகளார் (ஸல்) அந்த வியாபாரியை எப்படிக் கண்டித்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த சம்பவம். நனைந்த தானியத்தை மேலே வைத்து விற்றிருந்தால் பிரச்சினையே இல்லை. டேஷ் போர்டில் எரியும் லைட்டை எரியவிட்டு, "இதுதான் குறை, இதற்கேற்ற விலை" என்று விற்பதிலும் ஒரு குறையும் இல்லை. விலை கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்.

உதிரிப்பாக வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருபவர் "ஒல்டனேட்டர் ஒன்று தாங்க" என்றால் எடுத்துக் கொடுப்பது நம் தொழில்தான். ஆனால் மின்சாதனத்தைப் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை. "அளந்து பார்த்தீர்களா? கடைசியாக என்ன வேலை செய்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்தால் என்ன? ஒருவேளை அன்றைய விற்பனை ஒன்று போகலாம். அந்த மனிதர் அடுத்த இருபது வருடத்துக்கு வேறு கடைக்குப் போகமாட்டார். என்னிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் நான் அவருடைய வாடிக்கையாளனாக இன்று இருந்திருப்பேன்.

என் பிழை

மகன் கிளிப் போட்டது பிழைதான். ஆனால் எழுபதாயிரம் போனதற்குக் காரணம் அந்த கிளிப் மட்டும் அல்ல. முதல் நாளே அவன் "நான்தான் செட் போட்ட, இந்த இடத்தில் வயர் எடுத்த" என்று சொல்லியிருந்தால் மூவாயிரத்தோடு முடிந்திருக்கும். அவன் ஏன் சொல்லவில்லை? நாலு பேர் முன்னால் நான் கத்துவேன் என்று அவனுக்குத் தெரியும். வான் ஓட்டும் தம்பியும் அவன் வயர் எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவரும் சொல்லவில்லை. முதலாளியின் மகனைப் பற்றி முதலாளியிடம் யார் சொல்வார்?

கடையிலும் இதுதான் நடக்கிறது. பில்லில் பிழை விட்ட பையன் சொல்லமாட்டான். ஸ்டோரில் தண்ணீர் ஒழுகிச் சாமான் நனைந்ததைப் பார்த்தவர் சொல்லமாட்டார். நமக்குத் தெரியவரும்போது சின்னக் குறை பெரிய நட்டமாகி இருக்கும். "யார் செய்தது?" என்று நாம் கேட்பது பெரும்பாலும் தண்டிப்பதற்காக. பாஸ் கேட்டது பழுதைக் கண்டுபிடிப்பதற்காக. சொற்கள் ஒன்றுதான், கேட்டவரின் நோக்கம் வேறு. பதிலும் அதனால்தான் வேறாக வந்தது.

இப்போது எங்கள் இரண்டு வாகனத்திலும் ஒவ்வொரு கொப்பி இருக்கிறது. யார் என்ன வேலை செய்தாலும் திகதி போட்டு எழுத வேண்டும். பல்ப் மாற்றியதா, பியூஸ் மாற்றியதா, எத்தனை அம்பியர், எந்த வயரில் கை வைத்தது என்று. எழுதியதற்கு ஏச்சு இல்லை என்பது வீட்டிலும் கடையிலும் நான் கொடுத்த வாக்கு. எழுதாமல் விட்டதற்குத்தான் ஏச்சு.

கொப்பியின் முதல் பக்கத்தில் என் மகனே எழுதியிருக்கிறான். செட் பொருத்திய திகதி, வயர் எடுத்த இடம், செய்த பிழை, பாஸ் திருத்திய விதம். கீழே பற்றரியின் விலையும் ஒல்டனேட்டரின் விலையும். அதை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை.

கொப்பி ஒன்று நூற்றைம்பது ரூபா. உங்கள் வானிலும் ஒன்று போட்டு வையுங்கள்.